ஜீப் ஏறுகிற ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளி: நிகழ்வு ஆய்வு

தேனி மாவட்டத்தில் போடி தொடங்கி கம்பம் வரை மலையடிவாரத்தில் இருக்கும் ஊர்களில், கூலிக் குடும்பங்களுக்கு வேலை பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம்தான். போடிமெட்டு ஏறினால் பூப்பாறை, சாந்தன்பாறை. கம்பம்மெட்டு ஏறினால் நெடுங்கண்டம், வண்டன்மேடு. எல்லாம் கேரளத்து இடுக்கி மாவட்டம், எங்கு பார்த்தாலும் ஏலத்தோட்டம். விடியும் முன்னே ஜீப் வந்து நிற்கும். தூக்குவாளியில் சோற்றைப் போட்டுக்கொண்டு ஏறுகிற பெண்கள் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். ஆடி வாக்கில் காய் எடுப்பு தொடங்கினால் தை, மாசி வரை விடாது. ஏலம் மொத்தமாக ஒரே தடவையில் எடுத்து முடிக்கிற பயிர் இல்லை. ஒரு சுற்று எடுத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் அதே செடிக்கு மறுபடி வர வேண்டும்.

அப்படி ஓர் ஊரின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். 2024 ஜூனில் இருந்து இரண்டு கல்வியாண்டுகளில் அங்கே என்ன செய்தோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை எழுதுகிறேன். ஊர் பெயரும் பிள்ளைகள் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கூடலூர், செங்கோட்டை, அந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, பேரணாம்பட்டு என்று எல்லையோர ஊர்களில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு இதில் ஏதாவது உதவும் என்று நம்புகிறேன்.

பள்ளி இருந்த நிலை

1 முதல் 5 வரை இடைநிலை ஆசிரியர்கள், 6 முதல் 8 வரை பட்டதாரி ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு மொழிக்கு ஒருவர், கணக்கு, அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர் என்று ஆள் இருக்க வேண்டும். 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதமும் உண்டு. எங்களிடம் சமூக அறிவியல் இடம் காலியாகவே கிடந்தது. தலைமை ஆசிரியர் எமிஸ் என்கிற அரசுத் தளத்தில் பிள்ளைகள் விவரப் பதிவு, சத்துணவுக் கணக்கு, அலுவலகக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் பாடத்தையும் எடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வேன் ஏறி டவுன் பள்ளிக்குப் போய்விட்டார்கள். எங்களிடம் இருப்பவர்கள் ஜீப் ஏறுகிற வீட்டுப் பிள்ளைகள்.

வெளியில் இருந்து பார்த்தால் பள்ளி மோசமாகத் தெரியாது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடு என்பதே என் கருத்து, நிறுத்திவைத்தால் பிள்ளை மறுநாள் தோட்டத்தில் இருக்கும். ஆனால் வகுப்பில் அவ்வப்போது பார்க்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசியில் தேர்வாக வரும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற முறையில், அந்த 40க்குச் செயல்திட்டம், ஒப்படைப்பு என்று தாராளமாக மதிப்பெண் விழுந்துவிடும். பதிவேட்டில் எல்லோரும் தேறியிருப்பார்கள். குட்டு உடைவது ஒன்பதாம் வகுப்பில். பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து வருஷா வருஷம் ஒரே புகார்தான்: "உங்க பள்ளியில இருந்து வர்ற பிள்ளைகள்ல நெறையப் பேருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே வரல சார்." அங்கே போன பையன்களில் சிலர் காலாண்டுத் தேர்வுக்கு முன்னாலேயே நின்றுவிட்டு ஜீப்பில் ஏறியிருந்தார்கள்.

இதைச் சரிசெய்ய அதுவரை நடந்துவந்தது மாலைச் சிறப்பு வகுப்பும் வாரத் தேர்வும். மாலை வகுப்பில் பெண் பிள்ளைகள் உட்காரவே மாட்டார்கள். அம்மா மலையில் இருந்து இறங்கும் முன்னே தண்ணீர் பிடித்து, உலை வைத்து, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவர்கள்தான். வாரத் தேர்வின் கதை இன்னும் வருத்தமானது. கேள்வியை வாசிக்கத் தெரியாத பிள்ளை என்ன பதில் எழுதும்? கேள்வித்தாளில் இருப்பதையே பார்த்து அழகான கையெழுத்தில் விடைத்தாளில் எழுதிவைத்திருக்கும்.

ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து

ஜூன் கடைசியில் தலைமை ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பாடம் எவ்வளவு முடிஞ்சுதுங்கிறத அப்புறம் பார்ப்போம். முதல்ல யாருக்கு என்ன தெரியும்னு எனக்குச் சொல்லுங்க." அதன்படி 6 முதல் 8 வரை இருந்த எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகத் தனியே உட்கார வைத்துச் சோதித்தோம். முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகு நாலு வரி, கடைசியாக இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கிற ஏசர் ஆய்வுக்காகப் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வீடு வீடாகப் போய்ச் செய்கிற சோதனையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். எழுத வேண்டியதில்லை, வாய்விட்டு வாசித்தால் போதும்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழ்ப் புத்தகத்தை விரித்துத் தடங்கல் இல்லாமல் ஒரு பக்கம் வாசித்தான். தமிழம்மா சந்தோஷமாக அடுத்த பிள்ளையைக் கூப்பிடப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, அதே பக்கத்தின் நடுவில் விரலை வைத்து, "இங்க இருந்து வாசிப்பா" என்றார். பையன் வாயைத் திறக்கவில்லை. முதல் வரியில் இருந்து தொடங்கினால் வருகிறது, நடுவில் இருந்து வரவில்லை. முழுப் பக்கமும் மனப்பாடம். வகுப்பில் மற்றவர்கள் வாசிக்கக் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டிருக்கிறான். இந்தக் கெட்டிக்காரத்தனத்தோடு ஏழு வருஷம் பள்ளிக்கு வந்திருக்கிறான், எழுத்து தெரியாது என்று யாருக்கும் பிடிபடவே இல்லை. அதற்குப் பிறகு பாடநூலை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகள் முன்பின் பார்த்திராத பத்திகளை நாங்களே எழுதிக் கொடுத்தோம்.

எங்கே தடுக்கிறது என்பது பத்துப் பதினைந்து பேரைக் கேட்டதுமே தெளிந்துவிட்டது. தனி எழுத்துகள் ஏறத்தாழ எல்லோருக்கும் தெரியும். 'படம்', 'மரம்', 'பட்டம்' தடையில்லாமல் வரும். கொம்பும் காலும் சேர்ந்து இரண்டு பக்கமும் நிற்கிற எழுத்துகளில்தான் சிக்கல். 'கொடி' என்பதைக் 'கெ' என்று தொடங்கி, பக்கத்தில் இருக்கும் துணைக்காலைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள். 'கோழி'க்கும் 'கேழ்வரகு'க்கும் ஒரே தொடக்கம். 'மௌ', 'கௌ' எல்லாம் வாயில் வரவே இல்லை. ஒரு பத்தியில் இப்படி நாலு இடத்தில் நின்றால், ஐந்தாவது இடம் வருவதற்குள் முதல் வரி என்ன சொன்னது என்பதே மறந்துபோகும்.

கணக்கிலும் இதே தினுசுதான். 503இல் இருந்து 278ஐக் கழிக்கச் சொன்னால் பாதிக்கு மேல் 375 என்று எழுதினார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போகக்கூடிய விடை இல்லை இது. ஐந்தில் இரண்டு போனால் மூன்று, பூச்சியத்துக்கும் ஏழுக்கும் வித்தியாசம் ஏழு, மூன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் ஐந்து. ஒவ்வொரு கட்டத்திலும் பெரியதில் இருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்கள். விதி தப்பு, ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. கடன் வாங்குவது என்றால் என்ன என்பது அவர்களுக்கு எந்த வகுப்பிலும் புரியவில்லை. அப்படி எழுதிய ஒரு பிள்ளையிடம், "அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 400 ரூபா கூலின்னு வச்சுக்க, ஆறு நாள் போயிருக்கு, கங்காணிகிட்ட 750 முன்பணம் வாங்கியிருக்கு, சனிக்கிழமை கைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். கண்ணை ஒரு தரம் மேலே உருட்டிவிட்டு, "1,650 டீச்சர்" என்றாள். தாளும் இல்லை, பேனாவும் இல்லை.

சோதனை முடிந்தபோது ஆறாம் வகுப்பில் பாதிக்கு மேல் கதையை வாசிக்க முடியாதவர்கள். ஏழில் கொஞ்சம் பரவாயில்லை. எட்டிலும்கூட எழுத்துக் கூட்டுகிறவர்கள் இருந்தார்கள்.

ஆறாம் வகுப்பு ஏன் இப்படி என்பதற்குக் காலக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும். 2024இல் ஆறாம் வகுப்புக்கு வந்தவர்கள் 2019 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. இரண்டாம் வகுப்பு முழுக்க வீட்டில். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதாவது மூன்றாம் வகுப்பு நடுவில்தான் மறுபடி பள்ளிக்கூடத்தைப் பார்த்தார்கள். வாசிக்கக் கற்கிற வயது அப்படியே நழுவிவிட்டது. அந்த இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அது 1 முதல் 3 வரை மட்டும், இவர்கள் நான்காம் வகுப்பு. அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரித்தபோது இவர்களுக்கு ஒரே ஒரு வருஷம் கிடைத்தது. இவர்களுக்கு ஒரு வருஷம் மூத்தவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. இப்படி ஒரு பிள்ளைக்கூட்டத்தைப் பார்த்து 'மந்தம்' என்று ஆசிரியர் அறையில் யாராவது சொல்லும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

வகுப்பைக் கலைத்துப் பிரித்தது

ஜூலையில் இருந்து காலை முதல் இரண்டு பாடவேளைகளை ஒதுக்கினோம். ஒன்று தமிழ் வாசிப்புக்கு, ஒன்று கணக்குக்கு. அந்த நேரத்தில் மட்டும் 6, 7, 8 என்ற பிரிவு கிடையாது. எழுத்துக் கூட்டுகிறவர்கள் ஓர் அறை, வாக்கியம் வாசிக்கிறவர்கள் ஓர் அறை, கதை வாசிக்கிறவர்கள் ஓர் அறை. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து கற்பிப்பது என்கிற இந்த முறை புதிதல்ல. பிரதம் பல மாநிலங்களில் செய்திருக்கிறது, அதை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2019இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் இருவர். எங்கள் தொடக்கப் பிரிவிலேயே எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் நடத்துகிறார்கள்.

அதே பெயர்களை மேல் வகுப்புக்கும் வைக்கலாம் என்று முதலில் பேச்சு வந்தது. பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டாம் வகுப்புப் பையன், ஒன்றாம் வகுப்பில் படிக்கும் தன் தங்கையைப் போல 'அரும்பு' என்று எப்படிச் சொல்லிக்கொள்வான்? அந்த வெட்கத்தை நாங்கள் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. படிப்பில் பின்தங்கிய வளர்ந்த பிள்ளை பள்ளியை விட்டு ஓடுவதற்குப் பாடத்தின் கடினத்தைவிட இந்த வெட்கமே பெரிய காரணம் என்பது நான் கண்ட வரையில் உண்மை. ஆகவே நிலைக்குப் பெயரே வைக்கவில்லை. 'வேப்பமரத்து ரூம்', 'தண்ணித்தொட்டி ரூம்', 'ஆபீஸ் பக்கத்து ரூம்', அவ்வளவுதான்.

கையில் கொடுக்கிற தாளும் அப்படியே. இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். எனவே ஊரில் வளர்ந்தவர்கள் படிக்கிறவற்றையே பொறுக்கினோம். பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, உர மூட்டையில் அச்சிட்டது, கல்யாணப் பத்திரிகை. எல்லாவற்றையும்விட நன்றாக எடுபட்டது செய்தித்தாளில் வரும் ஏலக்காய் விலைதான். மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு போடியிலும் இடுக்கிப் பக்கம் புற்றடியிலும் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடத்துகிறது. எத்தனை கிலோ வந்தது, சராசரி விலை என்ன, அதிக விலை என்ன என்று நாலே வரி. இந்த நாலு வரிக்கு ஊரில் எல்லோர் வீட்டிலும் காது இருக்கிறது, விலை ஏறினால் தோட்டத்தில் வேலை கூடும். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் அந்த அப்பா பள்ளி வாசலில் நின்று, "எங்க வீட்டுல பேப்பர் வாசிக்கிற மொத ஆளு இதுதான் டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு தினமும் துண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதே நாலு வரி எனக்குக் கணக்குக்கும் ஆயிற்று. கடன் வாங்கிக் கழித்தலை முதலில் ரூபாயில்தான் நடத்தினேன். நூறு ரூபாய் நோட்டு, பத்து ரூபாய் நோட்டு, ஒரு ரூபாய்க் காசு என்று அட்டையில் வெட்டிவைத்தோம். கையில் 503 இருக்கிறது, 278 கொடுக்க வேண்டும். எட்டு ஒரு ரூபாய் வேண்டும், இருப்பதோ மூன்று. பத்து ரூபாய் நோட்டும் இல்லை. அப்போது நூறை மாற்றித்தானே ஆக வேண்டும்? நூறை ஒன்பது பத்தாகவும் பத்து ஒன்றாகவும் மாற்றிக் கொடுத்த பிறகு, எழுத்தில் அந்தப் பூச்சியத்துக்கு மேலே ஏன் 9 போடுகிறோம் என்பது கேட்காமலே புரிந்தது. 225 வந்தது. மலையில் சில்லறை மாற்றிப் பழகிய பிள்ளைகளுக்கு இது ஒரு வாரத்து வேலைதான். வகுத்தல் அப்படி இல்லை. பெருக்கல் வாய்ப்பாடு ஏறாமல் வகுத்தல் வராது, வாய்ப்பாடு ஏறுவதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. பின்னம் இன்னும் கஷ்டம்.

இதற்கு விலையும் கொடுத்தோம். தினம் இரண்டு பாடவேளை போனால் பாடத்திட்டம் அந்த அளவு பின்தங்கும். பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர், "எட்டாம் வகுப்புக்கு எழுத்துக் கூட்டுற பாடம் நடத்துறீங்களே, பருவப் பாடத்தை யார் முடிக்கிறது?" என்று கோபப்பட்டார். தலைமை ஆசிரியர், ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் எழுதி நாங்கள் வைத்திருந்த தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். நான்கு பிள்ளைகளை அதிகாரியே கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பார்வைப் பதிவேட்டில் எதுவும் எழுதாமல் போனார். 2025-26இல் அரசே 6 முதல் 9 வரையான வகுப்புகளுக்குத் திறன் என்ற பெயரில் அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்குப் பயிற்சியைக் கொண்டுவந்த பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

வருகைப் பதிவேடு சொன்னது

வாசிப்பு ஆகஸ்ட் வரை நன்றாக ஏறியது. செப்டம்பரில் நின்றது. சில பிள்ளைகள் இறங்கியும்விட்டார்கள். மாத வருகைச் சதவீதத்தைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. தலைமை ஆசிரியர் பதிவேட்டைத் தேதிவாரியாக, தெருவாரியாகப் பிரித்து ஒரு பெரிய தாளில் எழுதச் சொன்னார். எழுதியதும் பளிச்சென்று தெரிந்தது. ஒரே தெருவின் பிள்ளைகள் ஒரே நாட்களில் வரவில்லை. அந்த நாட்கள் காய் எடுப்புச் சுற்று உச்சத்தில் இருந்த நாட்கள்.

காரணத்தை வீட்டுக்குப் போய்க் கேட்டபோது இரண்டு விதமாக இருந்தது. தோட்டம் தூரமாக இருந்தால் தாய்மார் தினமும் இறங்காமல் அங்கேயே லயத்தில், அதாவது தோட்டத்துக் கூலி வரிசை வீட்டில், தங்கி வேலை செய்வார்கள். அப்போது கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் வீட்டில் இருந்தாக வேண்டும். இன்னொன்று, ஏழு எட்டு படிக்கும் பிள்ளைகளைத் தாயே உடன் அழைத்துப்போவது. எடுத்த காயின் எடைக்கு ஏற்பக் கூலி கூடுகிற இடத்தில் ஒரு சின்னக் கை சேர்ந்தால் அன்றைக்கு வருமானம் கூடும். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தப்படி 14 வயதுக்குக் கீழே யாரையும் இப்படிக் கூலி வேலைக்கு வைக்கக் கூடாது. அதோடு ஏலத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தச் செடிக்கு நடுவே பிள்ளைகள் நாள் முழுக்க நிற்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஆனால் சட்டத்தைச் சொல்லித் தாயை மிரட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. "நீங்க சொல்றது புரியுது டீச்சர். இந்த மூணு மாசம் சம்பாதிச்சாத்தான் பங்குனி, சித்திரையில கஞ்சி" என்று ஒரு அம்மா சொன்னார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மாற்று ஏற்பாடுதான் வேண்டும். ஊர் அங்கன்வாடியில் பேசி, தாய் தங்கல் வேலைக்குப் போகிற வீட்டுக் குழந்தைகளை நேரத்தோடு சேர்த்துக்கொள்ளச் செய்தோம். அங்கன்வாடி எடுக்காத கைக்குழந்தைகளுக்கு அம்மாச்சிகள் இரண்டு பேர் ஒரு வீட்டில் சேர்ந்து பார்த்துக்கொள்ள முன்வந்தார்கள். பிள்ளைகளை ஏற்றாமல் இருப்பதற்கு உண்மையில் உதவியது ஜீப் ஓட்டுகிறவர்கள்தான். அவர்களில் ஒருவரின் மகள் எங்களிடம் ஆறாம் வகுப்பு. பள்ளி நாளில் யூனிபார்ம் வயதுப் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று அவர் சொல்ல ஆரம்பித்ததும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சனிக்கிழமைகளை எங்களால் தடுக்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தையும் மாற்றினோம். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆனால் கூட்டம் மதியம் மூன்று மணிக்கு வைத்தால் மலையில் இருக்கும் பெண் எப்படி வருவார்? ஜீப் இறங்கி, குளித்து, உலை வைத்த பிறகு ஏழு மணிக்கு மேல் வைத்தோம். அன்று முதல் கூட்டத்தில் கையெழுத்து மட்டும் போடுகிறவர்கள் குறைந்து, கேள்வி கேட்கிறவர்கள் வந்தார்கள்.

காலை ஒரு மணி நேரம்

இந்த ஆய்வில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1 முதல் 5 வரை படிப்பவர்களுக்கு மட்டும். நடுநிலைப் பள்ளியில் அதன் விளைவு எப்படி இருக்கும் என்றால், ஐந்தாம் வகுப்புத் தம்பி உள்ளே உட்கார்ந்து கிச்சடி சாப்பிடுவான், அவனைக் கூட்டிவந்த ஏழாம் வகுப்பு அக்கா வெளியே திண்ணையில் காத்திருப்பாள். அம்மா நாலரை மணிக்கு வைத்த சோறு அவருடைய மதியத்துக்கு. காலையில் பல பிள்ளைகளுக்கு வெறும் டீதான். மதியம் சத்துணவு வரும் வரை அதே வயிறு. முதல் இரண்டு பாடவேளையில் கொட்டாவி விடுகிறவர்கள் யார் என்று பார்த்தால் இவர்களே.

அப்படிக் காத்திருந்தவர்களை நாங்கள் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை என்று தமிழம்மா சொன்னபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. சிறப்பு வகுப்புக்கு மாலையில் நிற்காத இதே பெண்கள், காலை எட்டே காலுக்கே பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். பிரார்த்தனை மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

திட்டத்து அரிசியையும் ரவையையும் மேல் வகுப்புக்குக் கொடுக்க முடியாது, கணக்கு இடிக்கும். அதனால் மேலாண்மைக் குழு தனி ஏற்பாடு செய்தது. பழைய மாணவர்கள் சிலர், மளிகைக் கடைக்காரர் ஒருவர், சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர் ஒருவர் பொறுப்பெடுத்தார்கள். அவித்த கடலை, சுண்டல், சில நாள் பொங்கல். காலை உணவு சமைக்கிற மகளிர் குழுப் பெண்களே தனிப் பாத்திரத்தில் இதையும் செய்து கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மேல் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவரும் சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கதையை வாசித்துக் காட்ட வேண்டும். இங்கே இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் பிடிக்க யாருக்கும் வெட்கம் இல்லை, தங்கைக்குத்தானே வாசிக்கிறோம். வேப்பமரத்து ரூமில் மூன்று மாதம் தள்ளிப்போன பல எழுத்துகள் இந்தத் திண்ணையில் தெளிந்தன. மனப்பாடத்தில் ஓட்டிய அந்த ஏழாம் வகுப்புப் பையன் தன் தம்பிக்குக் கதை வாசித்தபோது, தம்பி குறுக்கே விழுந்து, "இது என்ன எழுத்து? இது என்ன?" என்று விரலை வைத்து நோண்டுவான். நாங்கள் செய்ய வேண்டிய சோதனையைத் தினமும் அவனே செய்தான்.

ஆறில் இருந்து எட்டு வரை படிக்கும் பிள்ளைகளையும் காலை உணவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். நன்கொடையை நம்பி ஒரு பள்ளி எத்தனை வருஷம் ஓட்டும்? நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

எல்லை தாண்டிப் போய்வரும் பிள்ளைகள்

சில குடும்பங்கள் ஜூனில் மலையேறி லயத்தில் குடியேறிவிட்டு, காய் எடுப்பு முடிந்த பிறகு இறங்கும். தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களில் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு, பிள்ளைகளை அங்கே சேர்ப்பார்கள். அங்கே 5 முதல் 7 வரை யு.பி. என்கிற மேல் தொடக்கநிலை, எட்டு என்றால் உயர்நிலைப் பள்ளி. பாடத்திட்டமும் வேறு. கேரளத்தில் பிள்ளைகள் விவரம் சம்பூர்ணா என்ற தளத்தில் இருக்கிறது, இங்கே எமிஸில். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. மாற்றுச் சான்றிதழ் வரும் வரை இரண்டு பக்கமும் சேராமல் பிள்ளை வீட்டில் இருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. தலைமை ஆசிரியர் அந்தப் பிரிவை அச்செடுத்து அறைக் கதவில் ஒட்டிவைத்தார். இறங்கி வந்த அன்றே பிள்ளையை உட்கார வைத்துச் சோதித்து ரூமுக்கு அனுப்பிவிடுவோம், காகிதம் பின்னால் வரட்டும். மேலே போகிற பிள்ளையிடம் அதன் நிலை எழுதிய தாளைக் கொடுத்தனுப்பினோம். பூப்பாறைப் பக்கத்து ஆசிரியை ஒருவர் போனில் கூப்பிட்டுப் பேசி, அதே தாளை மேலும் நிரப்பித் திருப்பி அனுப்பினார். இரண்டு மாநில அரசுகள் செய்ய வேண்டிய வேலை இது, இரண்டு ஆசிரியைகள் வாட்ஸ்அப்பில் செய்துகொண்டிருக்கிறோம்.

இரண்டு ஆண்டுக்குப் பிறகு

2026 மார்ச்சில் மறுபடி அதே மாதிரித் தனித்தனியாகச் சோதித்தோம். தொடக்கத்தில் ஆறாம் வகுப்பில் இருந்து இப்போது ஏழை முடிக்கிறவர்களில் பெரும்பாலோர் புதுக் கதையை வாசித்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள். எழுத்துக் கூட்டும் அறையில் கடைசியாக மிஞ்சியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் இருவருக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பார்த்துவருகிறார். கழித்தல், பெருக்கல் நன்றாகத் தேறிவிட்டது. வகுத்தல் பாதி, பின்னம் இன்னும் இல்லை. ஆங்கிலத்தில் நாங்கள் சொல்லிக்கொள்ளும்படி எதையும் செய்யவில்லை, ஆள் இல்லை என்பதே காரணம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உதவித்தொகைக்காக எழுதுகிற தேசிய வருவாய்வழி திறனறித் தேர்வுக்கு எங்கள் பள்ளியில் இருந்து அதற்கு முன்பு விண்ணப்பிப்பதே அரிது. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50) வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் 90, படிப்புத் திறன் 90 என்று இரண்டு தாள். தேறினால் ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தேறினாள். அந்தத் தொகை அவள் வீட்டில் என்ன மாற்றியது என்றால், அவளை ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற பேச்சே நின்றுபோனது. மாலையில் ஊர் மந்தையில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்த அக்காதான் அவளுக்கு மனத்திறன் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அவரும் ஏலத்தோட்டத்துக் கூலி வீட்டில் பிறந்து கல்லூரி போனவர்.

காய் எடுப்புக் காலத்து வருகை இன்னும் இறங்கத்தான் செய்கிறது, முன்னைப்போல் தெருவே காலியாவதில்லை. சமூக அறிவியல் இடத்துக்கு ஆள் வந்துவிட்டார். எட்டு முடித்த இரண்டு பையன்கள் ஒன்பதில் சேராமல் மலையேறிவிட்டார்கள். ஜீப்காரர் மூலமாக ஒருவன் இருக்கும் தோட்டத்தைக் கண்டுபிடித்துப் பேசியிருக்கிறோம். ஜூனில் இறங்கினால் சேர்த்துவிடுவோம், தனித்தேர்வு வழியும் அவன் அப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு மாற்றுச் சான்றிதழோடு, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாங்கள் வைத்திருந்த தாளையும் சேர்த்து உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினோம். எதில் தேறியது, எதில் இன்னும் கை கொடுக்க வேண்டும், காய் எடுப்புக் காலத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று ஒரு பக்கத்தில் எல்லாம் இருக்கும். அங்கே இருக்கும் கணக்கு ஆசிரியர் தாள்களைப் புரட்டிவிட்டு, பின்னம் வராத பிள்ளைகள் பெயரை மட்டும் தனியாக எழுதிக்கொண்டார். ஜூன் முதல் வாரத்தில் அவர்களைத் தனியே உட்கார வைப்பதாகச் சொல்லி, அட்டையில் வெட்டிய ரூபாய் நோட்டுகள் இருந்தால் ஒரு செட் கொடுங்கள் என்று கேட்டார்.